சப்வூஃபரை வீட்டு ஒலி அமைப்புடன் இணைக்கும் முறை

இணைப்பைத் தொடங்குமுன் ரிசீவர் (ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கருவி), சப்வூஃபர் (தாழ்ஒலிக்கான ஸ்பீக்கர்) இரண்டின் மின்செருகிகளையும் கழற்றிவிட வேண்டும். ரிசீவரின் பின்புறத்தில் 'சப் அவுட்' என்று குறிக்கப்பட்ட துளையிலிருந்து சப்வூஃபரின் 'எல்எஃப்இ' அல்லது 'லைன் இன்' துளைக்கு ஒரே ஓர் ஆர்சிஏ கேபிள் போதும். அத்தகைய துளை இல்லாத பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயராக இருந்தால், ஸ்பீக்கர் முனைகளிலிருந்து சப்வூஃபரின் 'ஹை லெவல்' உள்ளீட்டுக்கு, கூட்டல் கழித்தல் குறிகள் மாறாதபடி கம்பிகளை இணைக்கலாம்.

பலர் தவறுவது கிராஸ்ஓவரில், அதாவது எந்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையில்தான். ரிசீவரே தாழ் அதிர்வெண்களைப் பிரித்தனுப்பும்போது சப்வூஃபரின் குமிழும் தன் பங்குக்கு வடிகட்டினால் ஒலியில் ஒரு பகுதி குன்றிவிடும் என்பதால், அக்குமிழை உச்ச அளவில் வைத்துவிட்டு, ரிசீவரின் அமைப்பில் ஸ்பீக்கர்களைச் 'சிறியவை' எனக் குறித்து, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்குவது நல்லது. சப்வூஃபரில் ஒலி அலையின் கட்டத்தை மாற்றும் 'ஃபேஸ்' சுவிட்சை 0, 180 டிகிரி என இரு நிலைகளிலும் மாற்றிப் பார்த்து, அமரும் இடத்தில் தாழ்ஒலி எதில் நிறைவாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடலாம்.

இடத்தைத் தேர்வதற்குச் சற்று வேடிக்கையான, ஆனால் பயனுள்ள வழி ஒன்று உண்டு: சப்வூஃபரை உங்கள் இருக்கையில் வைத்து இசையை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து சென்று, ஒலி சீராகக் கேட்கும் இடத்திலேயே அதை நிறுத்துங்கள். அறை மூலையில் ஒலி வலுக்கும், ஆனால் எளிதில் கும்மென்று முழங்கவும் செய்யும்.

இடைவிடாத ரீங்காரம் கேட்டால், இரு கருவிகளையும் ஒரே மின்பலகையில் செருகிப் பாருங்கள்.