அந்த 0.3 மில்லிமீட்டரில்தான் இருக்கிறது விஷயம்
நாகர்கோவில் பக்கம் புராஜெக்ட்டுக்காக 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் மோனோபோல் ஆன்டெனா செய்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1.6 மி.மீ. தடிமனுள்ள எஃப்ஆர்4 (கண்ணாடி இழை) போர்டில் 10 மி.மீ. ஆரத்தில் ஒரு செம்பு வட்டம், அதற்கு சிக்னலைக் கொண்டுபோக சுமார் 3 மி.மீ. அகலத்தில் ஃபீட் லைன், இதையெல்லாம் ஒழுங்காகப் போட்டுவிடுகிறோம். கோட்டைவிடுவது வட்டத்தின் அடிக்கும் போர்டின் பின்பக்கத்தில் உள்ள கிரவுண்ட் எனும் செம்புத் தளத்தின் மேல் விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான். 0.3 மி.மீ.யில் தொடங்கி 0.1 மி.மீ. கூட்டியும் குறைத்தும் சிமுலேஷனில் பாருங்கள், ரிட்டர்ன் லாஸ் கோடு எங்கே −10 டிபிக்கு மேலே ஏறுகிறது, அதாவது அனுப்பிய சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எங்கே திரும்பி வருகிறது என்று தெரிந்துவிடும். ஃபெரிக் குளோரைடில் நீங்களே எட்ச் செய்தால் (வேண்டாத செம்பைக் கரைத்தெடுத்தால்) ஓரம் கொஞ்சம் கூடுதலாகவே அரிக்கும், அதற்கும் இடம் விடுங்கள்.

அப்புறம், அளக்கும்போது கேபிளைத் தொட்டால் கிராஃப் ஆடுகிறதா? கிரவுண்ட் சின்னது, கேபிளும் சேர்ந்து கதிர்வீசுகிறது. அதை அடக்க, கேபிளில் ஃபெரைட் மணி (காந்தப்பொருள் வளையம்) ஒன்று மாட்டுங்கள். நம்ம ஊர் உப்புக்காற்றில் செம்பு சீக்கிரம் கறுத்துவிடும், அதனால் எட்ச் செய்த அன்றைக்கே கனெக்டரைப் பற்றவைத்துவிடுங்கள்.