லேப்ரடாருக்கு ஜோடி தேடும் முன் எடுக்க வேண்டிய பரிசோதனைகள்

வீட்டில் பெண் லேப்ரடார் இருக்கிறதா, ஒரு தடவையாவது குட்டி போடட்டும் என்று யோசனையா? முதலில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ஹிப் டிஸ்பிளேசியா என்கிற இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் பரம்பரையாக வருவது. தொடை எலும்பின் பந்து முனை குழியில் சரியாக உட்காராமல் உரசித் தேய்ந்து, போகப் போக நாய் படியேறவும் படுத்த இடத்திலிருந்து எழவும் திணறும். துள்ளிக் குதிக்கிற நாய்க்கும் எக்ஸ்ரேயில் இது தெரியலாம், அதனால் 'நல்லாத்தானே ஓடுது' என்பதை வைத்து முடிவு செய்யவே செய்யாதீர்கள். அமெரிக்காவில் ஓஎஃப்ஏ அமைப்பு 24 மாதம் ஆன பிறகுதான் இடுப்புக்கு இறுதிச் சான்று தருகிறது. நாமும் அதுவரை பொறுக்கலாம்.

அப்புறம் கண். பிஆர்ஏ என்ற விழித்திரை நோயில் லேப்ரடாருக்கு அதிகம் வரும் வகையை மரபணுச் சோதனையில் கண்டுபிடித்துவிடலாம். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் குட்டிக்குப் பார்வை போகும், எனவே ஒற்றைப் பழுதை மட்டும் சுமக்கிற நாயை ஒதுக்க வேண்டியதில்லை, பழுதே இல்லாத ஜோடியோடு சேர்த்தால் போதும்.

புரூசெல்லா ரத்தப் பரிசோதனை இரண்டு நாய்க்கும் கட்டாயம். கருவைக் கலைத்துவிடும் கிருமி அது, மனிதருக்கும் தொற்றும்.

ஆண் நாய்க்காரர் தடுப்பூசி அட்டையை மட்டும் நீட்டினால் தலையாட்டிவிடாதீர்கள். எக்ஸ்ரே படத்தையே கேட்டு வாங்கி உங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.