விழுந்த பல்லைத் தேய்த்துக் கழுவாதீர்கள்

விளையாடும்போதோ வண்டியிலிருந்து விழும்போதோ முன்பல் வேரோடு பெயர்ந்துவிட்டால், சுற்றியிருப்பவர்கள் இரத்தத்தைத் துடைப்பதிலேயே முனைகிறார்கள். பல் எங்கே கிடக்கிறது என்று தேடுபவர்கள் குறைவு. பல் போனது போனதுதான் என்று முடிவுகட்டுவதே முதல் தவறு. விழுந்தது நிரந்தரப் பல்லாக இருந்தால் அதை அதே குழியில் மீண்டும் பொருத்தலாம். அது பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் மருத்துவரை அடைவதற்கு முந்தைய சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது.

தேடி எடுத்தவர்களும் நல்லெண்ணத்தோடே அதைக் கெடுத்துவிடுகிறார்கள். மண் ஒட்டியிருக்கிறதே என்று சோப்பும் பிரஷும் கொண்டு தேய்க்கிறார்கள். வேரின்மேல் ஈரமாக ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வையும் அழுக்கென்று நினைத்து நகத்தால் சுரண்டுகிறார்கள். பல்லையும் தாடை எலும்பையும் பிணைத்து வைத்திருந்த நார்த்திசுவின் எச்சம்தான் அது. அதிலுள்ள உயிரணுக்கள் பிழைத்திருந்தால்தான் பல் மீண்டும் இயல்பாக ஒட்டும். அவை அழிந்தால் வேர் எலும்போடு இறுகிப்போய், நாளடைவில் கரைந்துவிடும். சுத்தத்தின் மேலுள்ள அக்கறையே இங்கு பல்லுக்கு எமனாகிறது. ஆகவே வேரைத் தொடாமல், வாயில் வெளியே தெரியும் வெண்பகுதியை மட்டும் பிடித்து, அழுக்கிருந்தால் பாலிலோ சலைனிலோ சில நொடிகள் அலசினால் போதும்.

தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைப்பது அடுத்த தவறு. உலர்ந்த நிலையில் 60 நிமிடங்கள் கடந்தால் அந்த உயிரணுக்கள் அநேகமாக எஞ்சுவதில்லை. அடிபட்டவர் நினைவோடு இருந்தால், பல்லை முன்பின் மாறாமல் குழியில் மெதுவாக அழுத்திப் பொருத்தி, கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் செய்து பல் மருத்துவரிடம் விரைவதே மிகச் சிறந்தது. அந்தத் துணிவு வரவில்லையென்றால் குளிர்ந்த பாலில் போட்டு எடுத்துச் செல்லலாம்; பால் இல்லையென்றால் சிறு கிண்ணத்தில் அவருடைய உமிழ்நீரையே துப்பச் சொல்லி அதில் வைக்கலாம். தண்ணீர் நல்ல தேர்வன்று, ஏனெனில் அதில் உயிரணுக்கள் உப்பி வெடிக்கின்றன. ஆனாலும் உலர விடுவதைவிட அது மேல். ஒரு மணி நேரம் கடந்துவிட்டாலும் பல்லை எறிந்துவிடாதீர்கள். வளரும் பிள்ளைகளுக்குத் தாடை எலும்பின் அளவைக் காப்பதற்காகவேனும் மருத்துவர்கள் அதைப் பொருத்துவதுண்டு.

பால்பல்லுக்கு இதற்கு நேர்மாறான விதி. அதைத் திரும்பச் செருகினால் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல் சேதமடையக்கூடும். முன்பற்கள் 6 வயதையொட்டி மாறத் தொடங்குவதால், எந்தப் பல் என்ற ஐயமிருந்தால் பொருத்த முயலாமல் பாலில் இட்டுக் கொண்டு செல்லுங்கள்.

வாயிலிருந்து வழியும் இரத்தத்தைக் கண்டு தலையில் பட்ட அடியை மறந்துவிடக் கூடாது. மயக்கமோ வாந்தியோ இருந்தால் முதலில் போக வேண்டியது பொது மருத்துவமனைக்கே. பல் எங்கு தேடியும் கிடைக்கவில்லையென்றால் அது மூச்சுக்குழலுக்குள் போயிருக்கவும் கூடும் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். பல் உடைந்திருந்தால் அந்தத் துண்டையும் ஈரமாக வைத்துக் கொண்டு சென்றால் பல நேரங்களில் ஒட்டவைக்க முடியும். வலிக்கிறதென்று பல் ஈறின்மேல் ஆஸ்பிரின் மாத்திரையை அழுத்தி வைத்தால் அந்த இடம் வெந்துபோகும்.

பல் பொருத்தப்பட்டு வலி நின்றதும் மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அசையாமலிருக்கக் கட்டிய கம்பியைப் பொதுவாக 2 வாரங்களில் எடுக்க வேண்டும். வேர் முழுமையாக வளர்ந்த பல்லாக இருந்தால் வேர் சிகிச்சையையும் அதற்குள் தொடங்க வேண்டும்.