வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? அலைன்மென்ட்டிலும் வாரண்டியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்டியரிங்கில் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் கார் இடப்பக்கமாக ஒதுங்குகிறது. உடனே டயர் கடைக்குப் போய் "அலைன்மென்ட் பாருங்க" என்கிறோம், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யச் சொல்கிறோம். முதல் தவறே அங்குதான். மழைத் தண்ணீர் வடிவதற்காக நம் சாலைகளை ஓரத்தை நோக்கிச் சரிவாகப் போட்டிருப்பார்கள். இடப்பக்கம் ஓட்டும் ஊரில், குறையே இல்லாத வண்டியும் அந்தச் சரிவில் லேசாக இடதுபக்கம் நகரத்தான் செய்யும். சமமான இடத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் காற்றைப் பாருங்கள். முன் டயர் ஒன்றில் காற்று குறைந்திருந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். காற்று சரியாக இருந்தும் இழுத்தால், முன்பக்க டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டலாம் (சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர் என்றால் வேண்டாம்). இழுப்பு அடுத்த பக்கத்துக்கு மாறினால் கோளாறு டயரில் இருக்கிறது. அதை எந்த அலைன்மென்ட்டும் சரிசெய்யாது.

பேலன்சிங்கையும் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கச் செய்வது) அலைன்மென்ட்டையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு குழப்பம். 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் பார்க்க வேண்டியது பேலன்சிங். நேர்ச்சாலையில் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நிற்கிறது, வளைந்து திரும்பியபின் தானாக நேராக வர மறுக்கிறது என்றால்தான் அலைன்மென்ட் மீது சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் எந்த இழுப்பும் தெரியாமலே அலைன்மென்ட் விலகியிருக்கலாம். இரண்டு முன்சக்கரங்களும் ஒரே அளவில் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருந்தால் வண்டி நேராகத்தான் போகும். டயர்தான் தரையில் சதா தேய்ந்துகொண்டே போகும். கையால் டயரின் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் இருந்தால் 'டோ' என்கிற இந்த உள்-வெளித் திருப்பக் கோணம் விலகியிருக்கிறது. ஓர் ஓரம் மட்டும் வழுக்கையாகியிருந்தால் 'கேம்பர்' கோணத்தையும் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு முறை? 5,000 என்பார் டயர் கடைக்காரர். உங்கள் ஓனர்ஸ் மேனுவல் சொல்வதைக் கேளுங்கள்; பொதுவாக 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை சோதித்தால் போதும். டிசம்பர் மழை முடிந்தபின் சென்னை ரோட்டில் ஏதாவது பள்ளத்தில் 'டம்' என்று இறக்கியிருந்தால் மட்டும் அந்தக் கணக்கை மறந்துவிட்டு உடனே சோதியுங்கள். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டோ, சக்கரத்தை வண்டியோடு கீழே இணைக்கும் லோயர் ஆர்மோ மாற்றினாலும், புது டயர் போட்டாலும் அப்படித்தான்.

கடையில் கவனிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. வண்டியை மெஷினில் ஏற்றுவதற்கு முன் காற்றைச் சரிபார்த்து, சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் கொடுக்கும் பாகத்தை வைத்துக்கொண்டு கோணம் வைத்தால் பதினைந்து நாள்கூடத் தாங்காது. 'முன்', 'பின்' அளவுகள் இரண்டும் உள்ள பிரிண்ட் அவுட்டைக் கேட்டு வாங்குங்கள். நம் ஊர்ச் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன்சக்கரத்தின் டோ மட்டும்தான் திருகிச் சரிசெய்யக்கூடியது. கேம்பருக்குக் கம்பெனி திருகே வைத்திருக்காது. "கேம்பர் அவுட் சார், சரி பண்ணிடலாம்" என்று சில கடைகளில் ஹைட்ராலிக் கருவி மாட்டி வளைத்து விடுகிறார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். கேம்பர் விலகியிருக்கிறது என்றால் ஏதோ ஒரு பாகம் வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. அதை மாற்றுவதுதான் வைத்தியம். வளைத்த ஸ்ட்ரட்டோடு (ஷாக் அப்சார்பர் உள்ள தூண்) வாரண்டி கேட்டுப் போனால் நிராகரிக்கக் கம்பெனிக்கு நாமே காரணம் கொடுத்ததாகிவிடும்.

சரி, வாரண்டி. 3 வருடம், 1 லட்சம் கிலோமீட்டர் என்று விளம்பரத்தில் பார்த்துவிட்டு அலைன்மென்ட்டும் இலவசம் என்று நினைத்துவிடுகிறோம். வாரண்டி என்பது பாகத்திலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்கு. அலைன்மென்ட், பேலன்சிங் போன்ற சரிசெய்யும் வேலைகளைப் பொதுவாக விலக்குப் பட்டியலில் போட்டிருப்பார்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டியிலும் பெரும்பாலும் இதே கதைதான். ஃப்ரீ சர்வீஸிலும் இலவசமானது குறிப்பிட்ட வேலைகளுக்கான கூலிதான். டயருக்கு வாரண்டி தருவது டயர் கம்பெனி. கோணம் விலகித் தேய்ந்த டயருக்கு அவர்களும் தர மாட்டார்கள்.

ஆனால் இதோடு விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. நானும் செய்தேன். நாலு மாதத்தில் மூன்று முறை காசு கொடுத்து அலைன்மென்ட் பார்த்தேன். மூன்றாவது முறைதான் ஒரு மெக்கானிக் சக்கரத்தின் இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டிவிட்டு, "டை ராடு எண்ட்ல ஆட்டம் இருக்கு சார், இதுக்கு வாரண்டி இருக்குமே" என்றார். இருந்தது. பாகமும் கூலியும் இலவசமாக வந்தன. பில்லில் அலைன்மென்ட்டை மட்டும் தனியாகப் போட்டிருந்தார்கள். வாரண்டி பாகத்தை மாற்றியதால்தானே இது தேவைப்படுகிறது என்று கேட்டதும் எடுத்துவிட்டார்கள். கேட்டால் எல்லா இடத்திலும் எடுப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். கேட்காவிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். டெலிவரி எடுத்த வாரமே ஸ்டியரிங் கோணலாக இருந்தாலும் தள்ளிப்போடாமல் போய்ச் சொல்லுங்கள். ஆயிரக்கணக்கில் ஓட்டியபின் போனால் பள்ளத்தில் விட்டிருப்பீர்கள் என்பதுதான் பதிலாக வரும்.

பள்ளத்தில் இறங்கி லோயர் ஆர்ம் வளைந்தால் அது வாரண்டி இல்லை, இன்சூரன்ஸ். வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் கிழிந்தால் பணம் கிடைக்காது. வண்டியும் சேர்ந்து அடிபட்டால் டயருக்குப் பாதி விலை. சின்னச் செலவு என்றால் கிளெய்ம் போகாமல் இருப்பதே நல்லது. கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் 20 முதல் 50 சதவீதம் வரை சேரும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் போய்விடும்.

அடுத்த முறை சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் 'வீல் அலைன்மென்ட் செய்யவும்' என்று எழுத விடாதீர்கள். அப்படி எழுதினால் அதைச் செய்து பில் போடுவார்கள், அவ்வளவுதான். 'சமமான ரோட்டில் இடப்பக்கம் இழுக்கிறது, காரணம் பார்க்கவும்' என்று எழுதச் சொல்லி, ஒரு காப்பி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.