பெயர் தெரியாத பவளம் கடல்நீர் மீன்தொட்டிக்கு வந்தால் என்ன செய்வது?

கடலுயிர்கள் குடியிருக்கும் கல்லான லைவ் ராக்கில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். இல்லாவிட்டால் நண்பர் யாராவது ஒரு துண்டைக் கொடுத்து, "பேர் தெரியல, ஆனா பச்சையா அழகா இருக்கும்" என்றிருப்பார். உடனே படங்களைப் புரட்டிப் பெயர் தேடாதீர்கள். ஒரே இனத்துக்குள் பத்து நிறம் இருக்கும். போதாக்குறைக்கு நீல விளக்கில் எல்லாமே பச்சையாக மின்னும். எலும்புக்கூடு உண்டா, வாயைச் சுற்றி விரல் போல நீளும் உணர்நீட்சிகள் எத்தனை என்ற இரண்டு கேள்விக்கு விடை கிடைத்தாலே பராமரிப்பில் பெரும்பகுதி தெளிவாகிவிடும்.

படி 1: முதலில் கையுறை

இதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். பொத்தான் பூக்களைப் போல அழகாக இருக்கும் ஸோவாந்திட், பாலித்தோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நச்சு இருக்கிறது. இன்னதென்று தெரியாதவரை, வந்திருப்பது அதுதான் என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள். கையுறையோடு கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். அது ஒட்டிய கல்லைப் பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது, வெந்நீர் ஊற்றக் கூடாது, கொதிக்க வைக்கவே கூடாது. ஆவியில் கலந்த நச்சு வீட்டில் உள்ள எல்லோரையும் பாதிக்கும். கையாண்ட பிறகு வாயில் உலோகக் கசப்பு, மூச்சுத்திணறல், காய்ச்சல், தசைவலி என்று எது வந்தாலும் மருத்துவமனைக்குப் போய், பவளத்தைத் தொட்டதையும் சொல்லுங்கள்.

படி 2: குளிப்பாட்டி இறக்குதல்

பையை 15–20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டால் வெப்பநிலை சமமாகும். பிறகு, கோரல் டிப் மருந்தைப் புட்டியில் சொன்ன அளவில், தொட்டியிலிருந்து எடுத்த உப்புநீரில் கலந்து முக்கியெடுங்கள். தட்டைப்புழுக்கள் உதிர்ந்து விழும். அவற்றின் முட்டைகள் இதற்கெல்லாம் சாகாது. அடிக்கல்லின் இடுக்குகளில் தேடி அகற்ற வேண்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

படி 3: கீழே வையுங்கள்

மணல்மட்டத்துக்கு அருகில், மிதமான நீரோட்டத்தில் வைத்து, இரண்டு வாரம் அங்கேயே விட்டுவிடுங்கள். என் முதல் பவளத்தை வந்த அன்றே விளக்குக்கு அடியில் உச்சியில் வைத்தேன். நான்கே நாளில் வெளுத்துவிட்டது. ஒளி குறைந்தால் பவளம் மெதுவாகத்தான் வாடும். கூடினால் அதற்குள்ளிருந்து உணவு தரும் பாசியையே இழந்துவிடும். சுற்றிலும் 15 செ.மீ. இடைவெளி விடுங்கள். கேலக்ஸியா போன்றவை இரவில் கொட்டும் இழைகளை அதைவிடவும் நீளமாக நீட்டும் என்பதால், இனம் தெரிந்த பிறகு இடைவெளியை மறுபடி பாருங்கள்.

படி 4: எண்ணிப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. சில நாளில் பவளம் முழுதாக விரியும். வெள்ளை விளக்கில் ஒருமுறையும், விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச்சில் ஒருமுறையும் பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள்.

ஒவ்வொரு பாலிப்பிலும் (பவளக் கூட்டத்தின் தனி உயிர்) எட்டு உணர்நீட்சிகள், அவற்றின் ஓரம் இறகு போலப் பிரிந்திருக்கிறது என்றால் மென்பவளம். ஊதா விரிப்பின் மேல் பச்சைப் புல்லாக முளைத்திருந்தால் ஸ்டார் பாலிப். கைகளை மூடி மூடித் திறந்தால் செனியா.

எலும்புக்கூடு இல்லை, வட்டின் விளிம்பில் மட்டும் குட்டையான நீட்சிகள் வரிசையாக நிற்கின்றன என்றால் ஸோவாந்திட். தட்டையான வட்டு, மேலெல்லாம் சிறு குமிழ்கள் என்றால் காளான் பவளம்.

அடியில் கெட்டியான சுண்ணாம்புக் கூடு இருந்தால் கல்பவளம். நீண்ட காம்பில் பூப்போல ஆடும் இரண்டு வகைகளைப் பலரும் குழப்பிக்கொள்வார்கள். எண்ணினால் சண்டையே இல்லை: 12 என்றால் அல்வியோபோரா, 24 என்றால் கோனியோபோரா. நுனி சுத்தியல் போலிருந்தால் ஹாம்மர். கிளைவிட்டு நுனிதோறும் உருண்டையிருந்தால் ஃப்ராக்ஸ்பான். கிளையில்லாத நீள விரலின் நுனியில் ஒற்றை உருண்டையென்றால் டார்ச். ஹாம்மரும் ஃப்ராக்ஸ்பானும் பெரும்பாலும் ஒன்றையொன்று சகித்துக்கொள்ளும். டார்ச் இரண்டையும் கொட்டும்.

பழுப்பாக, கண்ணாடி போல ஊடுருவித் தெரிந்து, நிழல் பட்டதும் துளைக்குள் ஓடி ஒளிந்தால் அது பவளமே அல்ல, அய்ப்டேசியா என்ற களை அனிமோன். வெட்டாதீர்கள், ஒவ்வொரு துண்டும் புதிதாக முளைக்கும்.

படி 5: நீர்

வெப்பம் 25–26 டிகிரி செல்சியஸ், ஒப்படர்த்தி 1.025–1.026. மென்பவளத்துக்கு இதுவே ஏறத்தாழ போதும். கல்பவளம் கூடு கட்ட வேண்டும். அதற்குக் காரத்தன்மை 8–9 டிகேஹெச், கால்சியம் 400–450 பிபிஎம், மக்னீசியம் 1,250–1,350 பிபிஎம் வேண்டும். எண்ணைத் துரத்துவதைவிட அது நாளுக்கு நாள் ஆடாமல் இருப்பதுதான் முக்கியம். நைட்ரேட்டைப் பூஜ்யமாக்க முயலாதீர்கள், பவளம் பட்டினி கிடக்கும்.

படி 6: கவனித்தல்

தசை இருந்தபடியே வெளுத்தால் ஒளியையோ வெப்பத்தையோ குறையுங்கள். தசை உரிந்து வெள்ளைக் கூடு தெரிந்தால் அன்றே காரத்தன்மையைச் சோதியுங்கள். மென்பவளங்களில் ஒன்றான தோல்பவளம் மட்டும் விதிவிலக்கு: சில நாள் சுருங்கி மெழுகு போலப் பளபளத்துத் தோலுரிக்கும். செத்துவிட்டது என்று வெளியே எடுத்துவிடாதீர்கள். நீரோட்டத்தைச் சற்றே கூட்டிவிட்டுக் காத்திருங்கள்.

பெரிய வாயுள்ள கல்பவளமாக இருந்தால், இரவில் ஒரு சின்ன மைசிஸ் இறாலை நீட்சிகளின் மேல் மெல்ல வையுங்கள். பிடித்து வாய்க்கு இழுத்தால் வாரம் ஒருமுறை கொடுக்கலாம். கால் மணி நேரத்தில் தொடவில்லை என்றால் அழுகுமுன் எடுத்துவிடுங்கள்.