பெரிய நான்கு சக்கர இயக்க டிராக்டரின் விவரத்தாளைப் படிப்பது எப்படி?

குதிரைத்திறனைப் பார்த்து மயங்காமல், முறுக்குவிசை (எஞ்சின் தண்டைச் சுழற்றும் விசை) எந்த எஞ்சின் சுழல்வேகத்தில் கிடைக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். ஜெர்மனியில் தயாராகும் ஃபெண்ட் 1050 வேரியோவின் முதல் தலைமுறையில், 12.4 லிட்டர் எஞ்சின் 517 குதிரைத்திறன் வரை தந்தாலும், உழவில் கைகொடுப்பது நிமிடத்திற்கு 1100 முதல் 1500 சுற்றுகளுக்குள் கிடைக்கும் 2400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைதான்; இறுகிய மண்ணில் கலப்பை திணறும்போது எஞ்சின் எளிதில் அணைந்துவிடாமல் தாங்குவது இதனால்தான்.

அடுத்து எடை. சுமார் 14 டன் எடையுள்ள இவ்வண்டியில் கூடுதல் எடைக்கட்டிகளை இழுவை வேலைக்கு மட்டும் பூட்டுங்கள். விதைப்புக்குக் கழற்றாவிட்டால் மண் இறுகும்.

வழக்கமான நான்கு சக்கர இயக்க டிராக்டர்களில் முன்சக்கரங்களின் விளிம்பு வேகம் பின்சக்கரங்களுடையதைவிடச் சற்று கூடுதலாக இருக்கும்படி பற்சக்கர விகிதம் அமைந்திருப்பதால், ஒரு டயரை மட்டும் வேறு அளவில் மாற்றுவது பல்லிணைப்பைத் தேய்த்துவிடும். தார்ச்சாலையில் முன்அச்சு இயக்கத்தைத் துண்டித்துவிடுங்கள். இந்த ஃபெண்டில் முன், பின் அச்சுகளுக்குத் தனித்தனி ஹைட்ராலிக் மோட்டார்கள் (எண்ணெய் அழுத்தத்தால் சுழல்பவை) உள்ளன; வேகம் கூடியதும் முன்அச்சு தானாகவே விடுபடும்.

பி.டி.ஓ. தண்டின் (இணைத்த கருவிகளை இயக்க எஞ்சின் திறனை வெளியே தரும் சுழல்தண்டு) திறன் எஞ்சின் திறனைவிடக் குறைவாகவே இருக்கும். கருவியை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்.