வியாழனைப் படமெடுக்க எங்கே நிற்பது? கிருஷ்ணகிரி, தர்மபுரி வாசகர்களுக்கான செய்முறை

தொலைநோக்கியைச் சீரமைப்பதும் கேமராவைப் பொருத்துவதும் உங்களுக்குத் தெரியும் என்ற எண்ணத்தில் இடத் தேர்விலிருந்தே தொடங்குகிறேன்.

நெபுலாக்களுக்கு, அதாவது மங்கலான விண்மேகங்களுக்கு, இருட்டு வேண்டும். அதற்கு ஓசூர், பெங்களூரு வெளிச்சத்திலிருந்து விலகி வத்தல்மலை போன்ற இடத்துக்குப் போகத்தான் வேண்டும். வியாழனுக்கும் சனிக்கும் தெருவிளக்கு பெரிய தடையன்று. வெப்பநிலை மாறுபட்ட காற்றுத் திரள்கள் ஒளியைச் சிறிது சிறிதாக வளைப்பதால் உண்டாகும் நடுக்கமே, அதாவது சீயிங்கே, அங்கு படத்தைக் கெடுக்கிறது. 8 அங்குலத் தொலைநோக்கி கொள்கையளவில் சுமார் 0.6 ஆர்க் செகண்டு (ஒரு ஆர்க் செகண்டு என்பது ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு) வரை பிரித்துக் காட்டக்கூடியது என்றாலும், காற்று கலங்கிய இரவில் விண்மீன் 3 ஆர்க் செகண்டு அகலத்துக்கு வீங்கிவிடும்.

முதலில் காலடியைப் பாருங்கள். நம் பக்கத்துக் கருங்கற்பாறைகளும் மொட்டை மாடிக் கான்கிரீட்டும் பகலில் வாங்கிய வெயிலை நள்ளிரவு வரை வெளியிடுகின்றன. புல்தரையோ பயிர் நிற்கும் வயலின் வரப்போ அவற்றைவிட நல்லது. ஏரிக்கரையும் நல்லதுதான், ஆனால் லென்சில் பனி படியும்.

அடுத்து, தொலைநோக்கியை ஒரு மணி நேரம் முன்பே வெளியில் வைத்து ஆறவிடுங்கள்.

இனி வருவது பலரும் தவிர்த்துவிடும் படி. உயரத்தில் உள்ள பிரகாசமான விண்மீன் ஒன்றைப் பிடித்து, அது வட்டாக விரியும்வரை ஃபோகஸைக் கலையுங்கள். குழாயின் வாயருகே உள்ளங்கையை நீட்டினால், கையின் சூடு வட்டில் புகைபோல எழுவது தெரியும். கையை எடுத்த பிறகும் அதே போன்ற புகை ஓரிடத்திலேயே மெதுவாக எழுந்தால், கண்ணாடி இன்னும் ஆறவில்லை. சிறு மின்விசிறி ஒன்றைக் கண்ணாடிக்குப் பின்னால் ஓடவிடுங்கள். வட்டு முழுவதும் ஒழுங்கின்றிக் கொதித்தால் தரை, சுவர், கூரை ஆகியவற்றைச் சந்தேகித்து இருபதடி தள்ளி நின்று பாருங்கள். வட்டின் குறுக்கே எல்லாம் ஒரே திசையில் விரைந்து ஓடினால் அது மேலடுக்குக் காற்று. எந்த வயலுக்குப் போனாலும் தீராது என்பதால் அன்று நெபுலாவுக்குத் திரும்பிவிடுவது மேல்.

கிரகம் அடிவானிலிருந்து 60 பாகைக்கு மேல் ஏறும்வரை பொறுத்திருங்கள். 30 பாகையில் உச்சியைப் போல இரு மடங்கு காற்றைக் கடந்தே ஒளி வருகிறது. வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடுவதால் வீடியோவை இரண்டு நிமிடத்துக்குள் முடித்து, படச் சட்டகங்களை அடுக்கும் ஆட்டோஸ்டாக்கெர்ட் மென்பொருளில் சிறந்த பத்து அல்லது இருபது விழுக்காட்டுச் சட்டகங்களை மட்டும் அடுக்குங்கள். வீடியோ பதிவுக்கு எனக்கு ஷார்ப்கேப் மென்பொருள் போதும். கூர்மையாக்கும் ஸ்லைடரை இழுத்து மோசமான இரவைச் சரிசெய்யலாம் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பிற்சேர்க்கை: ஓசூர் அடுக்குமாடிகளில் வசிக்கும் சிலர் பால்கனியைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அறைக் கதவை மூடி, ஏசியின் வெளி யூனிட்டிலிருந்து விலகி நின்று, நேர் எதிரே உள்ள கூரைகளுக்கு மேலே கிரகம் நன்கு உயர்ந்த பிறகு எடுத்தால் பயன்படுத்தத்தக்க படம் கிடைக்கும்.